வாரத்துக்கு 12 மணி நேரம்தான் மெஷின்: டயாலிசிஸ் வீடுகளில் நடக்கும் தவறுகள்

"டயாலிசிஸ் ஒரு தடவை ஆரம்பிச்சா பழகிடும், அப்புறம் விடவே முடியாது." சிறுநீரகம் செயலிழந்தவர் இருக்கிற வீட்டில் ஒரு பெரியம்மாவாவது இதைச் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ரத்தத்தில் கழிவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், அம்மாவுக்கு 6 தாண்டியபோதே டாக்டர் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயைத் தயார்செய்யும் சின்ன அறுவை) போட்டுக்கொள்ளச் சொன்னார். நாங்கள் நாட்டு மருந்து தேடிப் போனோம். ஐந்து மாதம் கழித்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரை விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். கழுத்தில் குழாய் போட்டுத்தான் முதல் டயாலிசிஸ் நடந்தது.

டயாலிசிஸ் பழகிவிடுவதில்லை. பாம்புக்கடியிலோ கடும் வயிற்றுப்போக்கிலோ திடீரென்று சிறுநீரகம் நின்றுபோனவர்களில் பலர், சில வாரம் டயாலிசிஸ் செய்துகொண்டு, சிறுநீரகம் தேறியதும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு எங்கே பழகியது? நாள்பட்ட செயலிழப்பில் சிறுநீரகம் திரும்பி வராது, அதனால் மெஷினை விட முடிவதில்லை. காரணம் நோய், மெஷின் அல்ல.

ஒரு கணக்கு சொல்கிறேன். நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்யும். மெஷின் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆக 12 மணி நேரம்தான். மிச்சம் 156 மணி நேரம் வீட்டில் கழிகிறது. மாவட்ட அரசு மருத்துவமனை டயாலிசிஸ் வார்டில் அம்மாவுடன் நான்கு வருடம் உட்கார்ந்து பார்த்த வரைக்கும், சங்கடங்களில் பெரும்பகுதி அந்த 156 மணி நேரத்திலிருந்துதான் வந்தது.

கையைக் காப்பாற்றாமல் விடுவது

ஃபிஸ்டுலா என்பது முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கும் சின்ன அறுவை. நியூயார்க்கில் பிரேசியா, சிமினோ ஆகிய டாக்டர்களும் கூட்டாளிகளும் 1966இல் வெளியிட்ட முறை. இன்றுவரை அதுதான் முதல் தேர்வு. ஆனால் இணைத்த மறுநாளே ஊசி போட முடியாது. சிரை தடித்துத் தயாராக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்கூட ஆகும். அதனால்தான் நன்றாக நடமாடும்போதே போடச் சொல்கிறார்கள். "இப்ப என்ன அவசரம்" என்று தள்ளிப்போடுபவர்களுக்குக் கடைசியில் கழுத்துக் குழாய்தான் கதி. அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். குழாய் இருக்கும்போது குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபிஸ்டுலா போடப்போகிற கையில் (பெரும்பாலும் இடது கை) முன்பிருந்தே ரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் ஏற்றவும் விடக் கூடாது. போட்ட பிறகு அந்தக் கையில் பிபியும் பார்க்கக் கூடாது. இறுக்கமான வளையல் வேண்டாம், கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம், இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமக்கும்போது அந்தக் கையால் அணைக்க வேண்டாம். காலையும் மாலையும் விரலை வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே போனால் சில சமயம் திறந்துவிடலாம். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருந்தால் பெரும்பாலும் அந்த ஃபிஸ்டுலா வீணாகிவிடும், மறுபடி கழுத்துக்குத்தான் வர வேண்டும்.

கல்லுக்குச் சொன்னதைச் செயலிழப்புக்குச் செய்வது

இதைத்தான் நான் எல்லாத் தவறுகளுக்கும் மேலே வைப்பேன். "கிட்னி பிரச்சினையா? நிறைய தண்ணி குடி, வாழைத்தண்டு ஜூஸ் குடி, இளநீர் குடி." சிறுநீரகக் கல் இருப்பவருக்குத் தண்ணீர் நல்லதுதான். சிறுநீர் நின்றுபோனவருக்கு அதுவே விஷம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காலில், முகத்தில், கடைசியில் நுரையீரலில் சேர்கிறது. இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வலி இருக்காது. கால் துவளும், சில சமயம் அதுகூட இல்லாமல் நேரே இதயம் நின்றுவிடும். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலிருக்கும் ஒரு நச்சு மூளையைத் தாக்கி, விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும்.

குடிக்கிற அளவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். அதில் ரசம், மோர், கஞ்சி, காபி எல்லாம் அடக்கம். வார்டு வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வரும் எல்லோரும் அதில் ஏறத் தயங்குவார்கள். "அம்மா, மூணே கால் கிலோ ஏறியிருக்கீங்க, எந்த வீட்டு விசேஷம்?" என்று டெக்னீஷியன் தம்பி கேட்பார். ஐம்பது கிலோ ஆளிடமிருந்து நான்கு மணி நேரத்தில் இரண்டரை லிட்டர்வரை எடுத்தால் உடம்பு தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் பிபி சரிந்து கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும். அந்த அலறலை ஒருமுறை கேட்டால் மறக்காது.

தாகத்தை அடக்கச் சொல்லித் திட்டிப் பயனில்லை. உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். "இந்துப்பு போட்டுக்கலாம்" என்பார்கள், அதுவும் சோடியம்தான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு இன்னும் மோசம், சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்ய வேண்டும். "சத்தெல்லாம் போயிடுமே" என்று என் அத்தை அங்கலாய்ப்பார். போகவேண்டியதே அந்தச் சத்துதான்.

பழைய பத்தியத்தையே தொடர்வது

டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். மெஷினில் கழிவோடு புரதச்சத்தும் கொஞ்சம் போகிறது. தினமும் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளாமல் எட்டு மாதம் அம்மாவுக்குக் கஞ்சியும் இட்லியும் மட்டுமே கொடுத்தோம். எடை ஏறாததைக் கட்டுப்பாடு என்று நினைத்தோம். தண்ணீர் ஏறி, சதை கரைந்து, தராசு மட்டும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. தினம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பிறகுதான் அம்மா படியேறினார்.

இன்னொன்று, சர்க்கரை. சிறுநீரகம் கெடும்போது இன்சுலின் உடம்பிலேயே அதிக நேரம் தங்கும், சர்க்கரை தானாகக் குறையும். "சுகர் குணமாயிருச்சு" என்று சந்தோஷப்பட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் ஆள் மயங்கி விழுவார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், பஸ்பம், செந்தூரம் எதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நேரத்தைத் திருடுவது

பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று "அரை மணி முன்னாடியே எடுத்துவிடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுபவர்கள் வார்டில் தினமும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வராது, அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். ஆனாலும் மாதத்தில் 13 முறை அரை அரை மணி நேரம் போனால் ஆறரை மணி நேரம், ஒன்றரை டயாலிசிஸுக்கு மேல் விட்டதாகிறது. ஞாயிறு விடுமுறையை ஒட்டி வரும் இரண்டு நாள் இடைவெளிதான் மிக ஆபத்தானது, திடீர் மரணங்கள் அதன் முடிவில்தான் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நம் ஊரில் கல்யாணமும் கிடாவெட்டும் வருகின்றன.

நிஜமாகவே தூரம்தான் சிக்கல் என்றால், வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது, சுத்தம் ரொம்ப முக்கியம். ஆனால் கேட்காமல் விடுவதுதான் தவறு.

பணம் தீர்ந்த பிறகு அரசு மருத்துவமனைக்கு வருவது

முதல் மூன்று மாதம் தனியாரில் நகையை விற்று, அப்புறம் கடன் வாங்கி, எதுவும் மிஞ்சாதபோது அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் அட்டை எடுக்கலாம். கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஆள் ஐசியுவில் கிடக்கும்போது விஏஓ அலுவலகத்தில் நிற்பது கொடுமை. மாற்றுச் சிறுநீரகத்துக்கு உடம்பு தகுதியா என்பதையும் முதல் வருடத்திலேயே கேளுங்கள். ரத்தசோகைக்கு ஊசி போடாமல் அடிக்கடி ரத்தம் ஏற்றினால், பின்னால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதும் கடினமாகும்.

ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். மெஷினில் ரத்தத்தை வடிகட்டும் குழலான டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்குத் திரும்பப் பயன்படுத்துவது இங்கே வழக்கம். அதில் ஒட்டியிருப்பது உங்கள் பெயர்தானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு தீபாவளி இரவில், சொந்த ஊரில் அம்மாவுக்கு மயக்கம் வந்து வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நான் சீட்டு எழுதிவிட்டு வருவதற்குள் டிரிப்ஸ் ஏற்ற இடது கையைக் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து அம்மாவின் பர்ஸில், ஆதார் கார்டுக்கு முன்னால், பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை இருக்கிறது. ரத்த வகை, டயாலிசிஸ் நாள்கள், தண்ணீர் ஏறாத சரியான எடை, டெக்னீஷியனின் போன் நம்பர் எல்லாம் சின்ன எழுத்தில். மேலே சிவப்பு மார்க்கரில் பெரிதாக: இடது கையில் ஊசி வேண்டாம்.