கேரளத்து முதியவர்தான் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறாரா? இரு மாநிலங்களை ஒப்பிடும் முறை

60 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று (ஜூலை 2017 – ஜூன் 2018) வசதியானது. இரண்டு மாநிலத்திலும் ஒரே வினாத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததைக் கடந்த 365 நாளுக்கும், மற்ற நோய்களைக் கடந்த 15 நாளுக்கும் கேட்டிருக்கிறார்கள். இவ்விரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது.

முதலில், எண்ணுவது ஆளையா அட்மிஷனையா என்று முடிவு செய்யுங்கள். கீமோதெரபிக்கு ஒருவர் ஆறு முறை சேர்ந்திருந்தால் ஆள் ஒன்று, அட்மிஷன் ஆறு. அடுத்து, அந்த ஓராண்டில் இறந்துபோனவர்கள் வினாத்தாளில் தனிப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்க வேண்டும். கடைசி மாதங்களில்தான் ஆஸ்பத்திரி வாசம் அதிகம். அவர்களை விட்டால் 80 வயதுக்கு மேற்பட்டோர் கணக்குத்தான் பெரிதும் குறையும்.

60 வயதுக்குக் குறைந்தவர்களை ஃபைலிலிருந்து நீக்கிவிட்டுத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. முழுத் தரவின் மேல் மாதிரி வடிவமைப்பை (வீடுகளை எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை) மென்பொருளில் பதிந்த பிறகே முதியோரைப் பிரியுங்கள். முன்பே நீக்கினால் திட்டப் பிழை, அதாவது மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு, தவறாக வரும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் சர்வே பேக்கேஜ், ஸ்டேட்டா என்ற மென்பொருள் இரண்டிலும் இதற்கு வழி உண்டு. கிராமம் அல்லது நகர வட்டாரம்தான் முதல்நிலை அலகு, அதாவது மாதிரியில் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது. தேர்வுக்கு முன் பகுதிகளைப் பிரித்த குழுவான அடுக்கின் எண் மாநிலத்துக்கு மாநிலம் திரும்ப வரும் என்பதால் மாநிலம், கிராமம்/நகரம், அடுக்கு, உள்அடுக்கு நான்கையும் ஒட்டி ஒரே குறியீடாக்குங்கள். எடையை (மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்ணை) போடாமல் விகிதம் எடுத்தால் அது பொருளற்றது: யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்த வீடுகளை இந்தச் சுற்று வேண்டுமென்றே கூடுதலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இனி வயது. எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. 60–69, 70–79, 80+ பிரிவுகளில் 'அ' பகுதியில் ஆயிரத்துக்கு 100, 150, 180 பேர் சேர்கிறார்கள். 'ஆ' பகுதியில் 95, 140, 170. ஒவ்வொரு வயதிலும் 'அ'தான் அதிகம். ஆனால் முதியோரின் பங்கு 'அ'வில் 70, 23, 7 சதவீதம், 'ஆ'வில் 55, 31, 14 சதவீதம் என்றால், மொத்த விகிதம் 117க்கு 119 என்று தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் பொதுவாக 62, 28, 10 என்ற ஒரே பங்கைக் கொடுங்கள்: 'அ' 122, 'ஆ' 115 என்று வரும். வயதைச் சீராக்குவது என்பது இவ்வளவுதான். ஆண், பெண்ணுக்குத் தனித்தனியாகச் செய்தால் இன்னும் நல்லது.

அந்த 7 வித்தியாசம் நிஜமா? ஒவ்வொரு பகுதியிலும் 2,000 முதியவர் என்று வையுங்கள். ஒரே ஊரில் பல வீடுகளை எடுப்பதால் வடிவமைப்பு விளைவு 1.8 என்றால், 2,000 பேர் ஏறத்தாழ 1,100 பேர் அளவுக்கே தகவல் தருவார்கள். வித்தியாசத்தின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஆயிரத்துக்குச் சுமார் ±27. ஆக, 7ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வருமானம், கல்வி, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து மாடல் போடுகிறவர்கள், அட்மிஷன் எண்ணிக்கைக்கு நெகடிவ் பைனாமியல் என்ற எண்ணிக்கை மாடலை எடுக்கலாம். பெரும்பாலோருக்குப் பூஜ்யம், சிலருக்கு ஐந்து, ஆறு என்பதால் எண்களின் மாறுபாடு (வேரியன்ஸ்) சராசரியைத் தாண்டும். இரண்டும் சமம் என்று கொள்ளும் பாய்சான் மாடல் பொய்யான துல்லியம் காட்டும்.

15 நாள் கணக்கில்தான் பெரிய பொறி இருக்கிறது. நோய் இருப்பதாகச் சொன்னவர்களிடம் மட்டுமே சிகிச்சை பற்றிக் கேட்கிறார்கள். இந்தக் கணக்கெடுப்புகளில் கேரளம் நோயை மிக அதிகமாகச் சொல்லும் மாநிலம். அதை அங்குள்ள படிப்பறிவோடும் மருத்துவ வசதியோடும் சேர்த்தே பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் விளக்கினார். ஆகவே நோய் சொன்னவர்களால் வகுத்த விகிதத்தோடு, முதியோர் மொத்தத்தால் வகுத்த விகிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால், இந்தியாவில் முதுமை பற்றிய தொடர் ஆய்வான லாசியின் (LASI) முதல் சுற்றையும் பாருங்கள். 45 வயதுக்கு மேற்பட்டோருக்கு அதில் ரத்த அழுத்தத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் மருந்து எடுக்கிறார்கள் என்று கணக்கிட்டால், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நினைக்கிறவரும் வகுக்கும் எண்ணுக்குள் வந்துவிடுகிறார்.