தீபாவளிக்குள் வீட்டை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்

மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் உடைத்துக் கட்டும் வேலை பெரும்பாலும் ஆவணியில்தான் சூடு பிடிக்கும். ஆடியில் கை வைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு ஆள் வருவதற்குள் வீடு பளபளவென்று இருக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்வார்கள். 2025இல் ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17, தீபாவளி அக்டோபர் 20. இடையில் இரண்டே மாதம். மேற்குக் கரையில் மழை வெளுத்து வாங்குவதும் அக்டோபர், நவம்பரில்தான். கூரை ஓடுகளைப் பிரிக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஆடியில் தொடங்கத்தான் கூடாது. ஆனியில் தொடங்கிய வேலை ஆடியில் நடந்தால் யாரும் குறை சொல்வதில்லை. ஜூன், ஜூலை இங்கே மழை குறைந்த மாதங்களும்கூட. கூரை, வெளிச்சுவர் வேலையை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் முதலில் அடிபடுவது சுவர். சிமெண்டுப் பூச்சு இரண்டு மூன்று நாளில் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் போக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அதற்குள் சாயம் அடித்தால் பொங்கலுக்குள் கொப்புளம் போடும், உப்புப் பூத்து உரியும். கேட்டால், "சாயம் சரியில்லைண்ணே" என்று பதில் வரும். குளியலறையிலும் இதே கதைதான். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட விடுங்கள். ஒட்டிய பின் கசிந்தால் உடைப்பதுதான் வழி.

அதிகப் பணம் போவது சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதில். இந்த ஊர் மண் இளகிய மண். 1885இல் கட்டிய மணிக்கூண்டு இந்த மண்ணில்தான் சாய்ந்து நிற்கிறது, அதைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். உங்கள் அடுப்படி சாய்ந்தால் அப்படி யாரும் வரப்போவதில்லை. பழைய வீடு பல வருஷமாக அமுங்கி நிலைபெற்றுவிட்டது. புதிதாகக் கட்டிய பகுதி இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால், சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக இருபது சென் காசு நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், மழைத் தண்ணீர் அதன் வழியே அலமாரிக்குள் இறங்கும். பழைய வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கிறதா, புதுப் பகுதிக்கு என்ன அஸ்திவாரம் என்று கண்டிராக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, இழுத்தால் நீளும் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். வெடிப்பில் சிமெண்டை அப்பிச் சாயம் பூசுவது அடுத்த மழைவரைக்கும்தான்.

"பக்கத்து வீட்டில் பெர்மிட் எடுக்காமல்தானே கட்டினாங்க" என்பது சமாதானமே இல்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி நகராண்மைக் கழகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். உங்கள் அவ்னிங் (வாசல் முன் நீட்டிய கூரை) தண்ணீர் அடுத்த வீட்டு வாசலில் கொட்டினால் புகார் கொடுக்கப் போகிறவரும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான்.

வாட்டர் ஹீட்டர் வைக்கிறீர்கள் என்றால் அதற்கெனத் தனியாக 10 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்க வேண்டும். பதிவு பெற்ற வயர்மேனை விட்டே மாட்டுங்கள்.

பணத்தைப் பாதிக்குமேல் முன்கூட்டியே கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். தீபாவளி நெருங்க நெருங்க ஒரே ஆள் பல வீட்டு வேலையை ஒத்துக்கொள்வார், உங்கள் முன்பணம் வேறு வீட்டுச் சிமெண்டாகிவிடும். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அதற்குரிய தொகையைக் கொடுங்கள். டைல்ஸின் பிராண்டு, அளவு, கம்பியின் தடிமன் எல்லாம் கொட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும். வேலையைப் பாதியில் விட்டுப் போனால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீது, கொட்டேஷன், படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப்பில் பேசியதையும் அழிக்காதீர்கள்.