மெட்னரை வாசிக்க: பெங்களூரு பியானோக்காரர்களுக்கு

நிகோலாய் மெட்னர் (1880–1951) ரஷ்ய இசையமைப்பாளர், பியானோக்காரர்; இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ராக்மனினோஃபின் நண்பர். 1940-களின் கடைசியில் லண்டனில் அவரே வாசித்த இசைத்தட்டுகளுக்குச் செலவு செய்தவர் மைசூர் மகாராஜா ஜெயச்சாமராஜேந்திர உடையார். நம்ம ஊர்ப் பணம்! முதலில் அவற்றைக் கேளுங்கள்.

தொடங்க ஏற்றது ‘ஸ்காஸ்கி’ எனும் கதைத்துண்டுகளில் ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 26, எண் 3. எஃப் மைனர், சுமார் மூன்று நிமிடம். சொனாட்டாக்கள் பிறகு. தலைப்பை வைத்துத் தேடாதீர்கள், மொழிக்கு மொழி மாறும். ஓபஸ் எண் மாறாது. இந்தியாவில் அவர் இசையின் பதிப்புரிமை 2011-ஓடு முடிந்துவிட்டது, இசைத்தாளை இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் ஏ4-க்குச் சுருக்கினால் விரல் எண்கள் படிக்க வராது, ஏ3 கேளுங்கள்.

மெட்னரிடம் பலர் தடுக்கி விழுவது ஒரே கால அளவில் ஒரு கையில் மூன்று ஸ்வரம், மறு கையில் இரண்டு வரும் இடங்களில். ‘தகிட தகிட’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று உள்ள கை முதல் ‘த’, முதல் ‘ட’, இரண்டாம் ‘கி’யில் விழும், இரண்டு உள்ள கை இரு ‘த’க்களில். மேசையில் தட்டிப் பழகிய பிறகே பியானோ. நேராக வேகத்தில் இறங்கினால் மூன்று நொண்டும், அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

உள்குரல்கள் (மேல் மெட்டுக்கும் அடி ஸ்வரத்துக்கும் நடுவே ஓடும் மெட்டுகள்) நிறைய. பெடலை ஒவ்வொரு பாருக்கும் (bar, தாளக் கட்டம்) அல்ல, ஸ்வரக்கூட்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாறும்போது மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் சுருதி நகரும். அரங்கின் பியானோவை நகர்த்தி வைத்த பிறகே ட்யூனரை வரச்சொல்லுங்கள்.