ஐப்பசி மழையும் கத்திரி வெயிலும் தாங்கும் தொட்டிப் பூச்செடிகள்

காவிரிப் படுகையில் தொட்டிக்குப் பூச்செடி வாங்குவோர் பெரும்பாலும் வெயிலை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். ஆனால் தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுவதால், கத்திரி வெயிலில் தப்பிய செடிகூட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரழுகிப் பட்டுப்போகும். இரண்டையும் தாங்குமா என்று கேட்டுத்தான் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதன்முதலாகத் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வது நந்தியாவட்டை. அரை நிழலிலும் வளரும்; பூச்சித் தொல்லை குறைவு; பூசைக்கும் பூ கிடைக்கும். மொட்டை மாடியில் நாள் முழுதும் வெயில் விழுமானால் காகிதப்பூவுக்கு ஈடில்லை. அதற்குத் தினமும் நீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் ஊற்றி, ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால், புதுத் துளிர்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நித்தியகல்யாணியை ஆடு மாடு கடிப்பதில்லை என்பது தெருவோர வீடுகளுக்குப் பெரிய வசதி. நீர் தேங்கினால் அது அழுகிவிடும் என்றாலும், தானே உதிர்த்த விதையிலிருந்து மறுபடி முளைத்துவிடும்.

செம்பருத்தியைப் பராமரிப்பே வேண்டாத செடி என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மாவுப்பூச்சி அதை விடாது தேடி வரும். ஆசைப்பட்டால், ஒட்டு ரகங்களை விட்டுவிட்டு நாட்டுச் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியை வையுங்கள். பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் வறட்சியை எளிதில் தாங்கும். மழைக்காலம் தொடங்கியதும் அதைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தாவிட்டால் பருத்த அடித்தண்டு கொழகொழத்துப் போகும்.

வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் இட்லிப்பூவின் இலை மஞ்சளாகிவிடும். அங்கே காகிதப்பூவும் அரளியும் நிலைக்கும். அரளி வேர் முதல் பூ வரை நஞ்சு என்பதால், தவழும் குழந்தையோ கன்றுக்குட்டியோ உள்ள வீட்டில் அது வேண்டாம்.

வயல் மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்புவதுதான் இங்கே பரவலான தவறு. டெல்டாவின் களிமண் மழையில் நீரை வடியவிடாது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் இரு பங்கு, மட்கிய சாண எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலந்து, அடித்துளையின் மேல் வளைந்த ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து நிரப்ப வேண்டும். தொட்டியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது. அடித்தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரில் டெங்கு கொசு முட்டையிடும். மழைக்காலத்தில் அதை எடுத்துவிடுவதே நல்லது.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியைவிட, பக்கக் கிளைகள் விட்டு மொட்டுடன் இருப்பதைப் பாருங்கள். பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பாருங்கள். ஆடியில் வாங்கி நட்டுவிட்டால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செடி வேர் பிடித்திருக்கும்.