சாரையா, நல்ல பாம்பா? கையால் தொடாமல் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களில் பட்டப்பகலில் வரப்பைத் தாண்டி ஓடும் பெரிய பாம்பு பெரும்பாலும் சாரையாகத்தான் இருக்கும். விஷம் கிடையாது, எலிதான் முக்கிய உணவு. இருந்தும் நல்ல பாம்பு என்று நினைத்து அதை அடித்துக் கொல்கிறார்கள். இதற்கு நேரெதிரான தவறு இன்னும் ஆபத்தானது: "சாரைதானே" என்று வாலைப் பிடித்துத் தூக்கும்போது அது திரும்பிப் படமெடுக்கிறது. இரண்டு தவறையும் தவிர்க்கும் அளவுக்குப் பாம்பைப் பார்க்கப் பழகுவது நல்ல பொழுதுபோக்கு. பெரிய செலவும் இல்லை.

பிடிப்பது பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சாரையையும் பாதுகாக்கிறது. அனுமதியில்லாமல் பிடிப்பதும், வீட்டில் வைத்துக்கொள்வதும், தோலை விற்பதும் குற்றம். தலைமுறையாகப் பாம்பு பிடித்து வந்த இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தபிறகும், விஷம் எடுப்பதற்காக அவர்கள் பிடிப்பது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கை மட்டுமே. அதுவும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான். அந்தப் பட்டியலில் சாரை இல்லை. ஆகவே இங்கே 'பிடிப்பது' என்றால் படம் பிடிப்பது.

எங்கே, எப்போது பார்ப்பது

சாரை பகலில் நடமாடும் பாம்பு. இரவில் எலி வளையிலோ கற்குவியலிலோ மரத்திலோ அடைந்துவிடும். காலை வெயில் ஏறும் நேரத்தில் வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு இரை தேடப் போகும். சாதாரண நாட்களில் எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை பார்ப்பதற்கு ஏற்ற நேரம். சித்திரை, வைகாசியில் தரை சீக்கிரமே கொதித்துவிடுவதால் ஒன்பதரைக்குமேல் தேடுவது வீண். மழைக்காலத்தில் இரண்டு நாள் மூட்டம் போட்டுவிட்டு வெயில் அடித்தால், அந்த முதல் வெயிலைத் தவறவிடக்கூடாது.

இடம் என்றால் எலி இருக்கும் இடம். பொங்கலையொட்டி அறுவடை முடிந்த வயலின் வரப்பு, வைக்கோல் போரின் அடி, ஏரிக்கரைப் புதர், பழைய கிணற்றின் உள்சுவர், கோழிக்கூட்டின் பின்புறம் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. தவளையும் தின்னும் என்பதால் வாய்க்கால் ஓரத்தையும் விடவேண்டாம். பொந்துக்குள் கை விடுவது, கல்லைப் புரட்டுவது, வைக்கோலைக் கிளறுவது மூன்றும் கூடாது. சாரை இருக்கும் எலி வளையில்தான் நல்ல பாம்பும் இருக்கும், கட்டு விரியன் பகலில் தூங்குவதும் அங்கேதான்.

கணுக்கால் மூடும் காலணி, தடித்த முழுக்கால்சட்டை, தண்ணீர், 8×42 பைனாகுலர் அல்லது மூன்று மடங்காவது ஜூம் செய்யும் கைபேசி, இவ்வளவு இருந்தால் போதும். பாம்பிடமிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். சாரைக்குக் கண் பெரிது, அசைவை உடனே கண்டுகொள்ளும். நேராக நடந்து போனால் நீங்கள் பார்ப்பது வாலை மட்டும்தான். அது தலையைத் தூக்கி நின்றால் நீங்களும் அப்படியே நில்லுங்கள். நாக்கை நீட்டியபடி கொஞ்ச நேரம் பார்க்கும். ஆபத்தில்லை என்று பட்டால் தலையைத் தாழ்த்தி விட்ட வேலையைத் தொடரும். உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி நின்றால் பாதி வேலை முடிந்தது.

நிறத்தை நம்பவேண்டாம்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மஞ்சளாக இருந்தால் சாரை, கறுப்பாக இருந்தால் நாகம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாரை வெளிர்மஞ்சள், ஆலிவ் பச்சை, பழுப்பு, ஏறக்குறைய கறுப்பு என எல்லா நிறத்திலும் உண்டு. நல்ல பாம்பும் கோதுமை நிறத்திலிருந்து கருமை வரை மாறும். படம் எடுக்கவில்லை என்பதும் சான்றாகாது. தப்பி ஓடும் நல்ல பாம்பு பெரும்பாலும் படத்தை விரிக்காது, அப்போது அதன் கழுத்து சாதாரணக் கழுத்துதான்.

பார்க்கவேண்டியது தலையின் பக்கவாட்டை. சாரையின் மேலுதட்டிலும் கீழுதட்டிலும் உள்ள செதில்களின் விளிம்பு கறுப்பாக இருக்கும். வாயோரம் முழுக்க மையால் செங்குத்தாகக் கோடு போட்டதுபோல் தெரியும். நல்ல பாம்புக்கு இந்த வரிசைக் கோடுகள் கிடையாது, கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புத் தீற்றல் மட்டும் சிலவற்றில் இருக்கும். சாரையின் கண் தலைக்குப் பெரிது, பாவை வட்டம், சுற்றிலும் பொன்பழுப்பு. நல்ல பாம்பின் கண் சிறிது, இருண்டது. சாரையின் கழுத்து மெலிந்து தலை தனியாகத் தெரியும். நல்ல பாம்பின் தலை கழுத்தோடு ஒட்டினாற்போல் இருக்கும்.

நீங்கள் எடுத்த புகைப்படம் தெளிவாக விழுந்திருந்தால் அதைப் பெரிதாக்கி மூக்குத்துளைக்கும் கண்ணுக்கும் இடையே பாருங்கள். சாரைக்கு அந்த இடத்தில் சின்னச் சின்னச் செதில்கள் பல இருக்கும். நல்ல பாம்புக்கு மூக்குச் செதிலும் கண்ணுக்கு முந்தைய செதிலும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும், நடுவே வேறு செதில் இருக்காது. நல்ல பாம்பு, கட்டு விரியன், ராஜநாகம் மூன்றுக்கும் இது பொது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். அங்கே வளர்ந்த சாரையையும் ராஜநாகத்தையும் தூரத்திலிருந்து மாற்றிச் சொல்வது எளிது, விளைவோ மிக மோசமானது.

உடம்பின் பின்பாதியிலும் சாரைக்கு ஓர் அடையாளம் உண்டு. செதில்களின் ஓரத்தில் கறுப்பு ஏறி, வாலை நெருங்க நெருங்க வலைப்பின்னல்போல ஒழுங்கற்ற பட்டைகளாகிவிடும். வால் நீளமானது, மொத்த நீளத்தில் கால்பங்குக்குக் குறையாது. நல்ல பாம்பின் வால் குட்டை.

மிரட்டும்போது இரண்டும் செய்வது வேறு. நல்ல பாம்பு கழுத்தைப் பக்கவாட்டில் விரிக்கும், மேலிருந்து பார்த்தால் அகலம் தெரியும். சாரை கழுத்தை இருபுறமும் ஒடுக்கி மேலும் கீழுமாக உப்பவைக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் தடிமன், மேலிருந்து பார்த்தால் ஒடுக்கம். கூடவே அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரு சத்தம் வரும். இதைப் பார்த்துத்தான் "படமெடுத்துச் சீறியது" என்று அடித்துவிடுகிறார்கள்.

குட்டிகள் தனிக் குழப்பம். சாரைக் குட்டிக்கு உடம்பின் முன்பகுதியில் வெளிர் குறுக்குப் பட்டைகள் இருக்கும், பெரிதானதும் மறைந்துவிடும். பட்டை இருக்கிறது என்பதற்காகக் கட்டு விரியன் என்று முடிவு கட்டவேண்டாம். முடிவு தெரியாதவரை விரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நிற்பது நல்லது. தண்ணீர்ப் பாம்பையும் சாரை என்பார்கள். அதற்குக் கண்ணுக்குக் கீழும் பின்னும் சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள், உடம்பில் சதுரங்கக் கட்டம், மேலே சொரசொரப்பு.

சட்டையை வைத்துக் கண்டுபிடிப்பது

பாம்பே இல்லாமல் பாம்பைப் படிக்கும் வழி இது. எங்களைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கில் மிகச் சுவையான பகுதியும் இதுதான். கற்குவியலில், ஓட்டுச் சந்தில் உரித்துப் போட்ட சட்டை கிடைக்கும். கையுறை போட்டுக் குச்சியால் இழுத்து எடுங்கள். காய்ந்திருந்தால் உடைந்துவிடும், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஒரு பலகையில் விரியுங்கள். உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கும். உரியும்போது இழுபடுவதால் பாம்பைவிடச் சட்டை நீளம், எனவே ஆறடிச் சட்டையைப் பார்த்து ஆறடிப் பாம்பு என்று ஊரைக் கூட்டவேண்டாம்.

வயிற்றில் அகலமான ஒற்றைச் செதில்கள் ஒரே வரிசையாகப் போகும். அவற்றை விட்டுவிட்டு, உடம்பின் நடுப்பகுதியில் வயிற்றுச் செதிலின் ஒரு விளிம்பிலிருந்து முதுகைத் தாண்டி மறு விளிம்புவரை சாய்வாக எண்ணுங்கள். நேராக எண்ணினால் வரிசை தாவி எண்ணிக்கை தப்பும். ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியை வைத்து எண்ணுவது வசதி. சாரைக்கு 16 அல்லது 17 வரும். தண்ணீர்ப் பாம்புக்கு 19, அதுவும் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் மேடு இருக்கும். நல்ல பாம்புக்கு 21 முதல் 25. கண்ணாடி விரியனுக்கு 27 அல்லது அதற்கு மேல், நன்றாகத் தெரியும் மேட்டோடு. கட்டு விரியனுக்கு பெரும்பாலும் 15, முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் அறுகோணமாகப் பெரிதாயிருக்கும்.

எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் வயிற்றுப் பக்கம் வால் தொடங்கும் இடத்தில் உள்ள மலத்துளைச் செதிலைப் பாருங்கள். சாரைக்கு அது இரண்டாகப் பிரிந்திருக்கும், நல்ல பாம்புக்குப் பிரியாமல் ஒன்றாக இருக்கும். கடைசியாக முழுமையான தலைப்பகுதி கிடைத்தால் மூக்கு–கண் இடைச்செதிலையும் சரிபார்க்கலாம். பார்த்து முடித்ததும் சட்டையைக் கிடைத்த இடத்திலேயே போட்டுவிட்டு வாருங்கள்.

பிணைந்து நிற்கும் இரண்டு பாம்புகள்

சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணையும் என்பது ஊர்ப்பேச்சு. முறுக்கிக்கொண்டு முன்னுடம்பைத் தூக்கி நிற்கும் அந்த இரண்டும் பெரும்பாலும் ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது. கடிப்பது அரிது, சிலசமயம் ஒரு மணி நேரத்துக்குமேல் நீடிக்கும். புகைப்படம் எடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது, ஏனென்றால் அவற்றின் கவனம் உங்கள்மேல் இருக்காது. வேட்டியை விரித்துப் போடச் சொல்லும் பெரியவர்களை மட்டும் சமாளிக்கவேண்டியிருக்கும். சாரையின் வாலில் விஷம், வாலால் அடித்தால் அந்த இடம் அழுகும் என்பதிலும் உண்மையில்லை.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

கண்ணை எடுக்காமல் ஒருவர் தூரத்தில் நின்று கவனிக்கவேண்டும். பாம்பு எங்கே போனது என்று தெரியாமல்போவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, கீழ் இடுக்கில் நனைத்த சாக்கைச் செருகி, வெளிக்கதவை அகலத் திறந்துவிட்டால் சாரை தானாகவே போய்விடுவது வழக்கம். போகவில்லையென்றால் தீயணைப்புத் துறையை (101) அழையுங்கள், அல்லது வனத்துறை அனுமதி பெற்ற பாம்பு மீட்பாளரை வரச்சொல்லுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றினால் பாம்பு இன்னும் உள்ளே ஒளியும். பூண்டு வைப்பதால் எந்தப் பலனும் இல்லை.

வந்த மீட்பாளர் சரியாகச் செய்கிறாரா என்பதை அவரது கருவியிலேயே கண்டுகொள்ளலாம். விவரம் தெரிந்தவர் மூன்று, நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டின் ஒரு முனையில் இருண்ட பருத்திப் பையைக் கட்டி, குழாயின் வாயைச் சுவர் மூலையில் வைப்பார். கொக்கியால் மெல்ல வழிகாட்டினால் இருட்டைக் கண்ட பாம்பு தானே நுழையும். வால் உள்ளே போனதும் குழாயை நிமிர்த்தி, பையின் கழுத்தைத் திருகிக் கட்டிவிடுவார். பையின் தையல் வெளிப்பக்கம் இருக்கவேண்டும், உள்ளே நூல் தொங்கினால் பாம்பு சிக்கிக்கொள்ளும். தலையைக் காலால் மிதிப்பவரையும், கழுத்தைப் பிடித்து வேடிக்கை காட்டுபவரையும் மறுபடி அழைக்காதீர்கள். இடுக்கியை அழுத்திப் பிடித்தால் விலா எலும்பு நொறுங்கும், வெளியே காயம் தெரியாமலே பிறகு செத்துப்போகும். வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டிக்குள் போட்டால் அரைமணியில் கதை முடிந்துவிடும். விடுவதும் அதே நாளில், அதே சுற்றுவட்டாரத்தில். இருபது கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் விட்டால் வளையும் தெரியாது, இரையும் தெரியாது.

கொடிப்பந்தலில் கட்டிய நைலான் வலையில் சிக்குவது சாரைதான் அதிகம். செதில்கள் பின்னோக்கி அடுக்கப்பட்டிருப்பதால் முன்னே போனபின் பின்னே வரமுடியாது. இழுக்கவேண்டாம். நிழலுக்கு ஒரு சாக்கை மேலே பிடித்துவிட்டு மீட்பாளரை அழையுங்கள். நூல் தோலை அறுத்திருந்தால் கால்நடை மருத்துவரின் சிகிச்சையும் வேண்டியிருக்கும். வலையைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டினால் இந்தப் பிரச்சினை பெரிதும் குறையும்.

கடித்துவிட்டால், சாரைதான் என்று நூறு சதவீதம் தெரிந்தால் மட்டும் சோப்புப்போட்டுக் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் நல்ல பாம்புக் கடியாகவே கருதுங்கள். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும், அதுவும் கிடைத்தால் மட்டும்தான்.