புது கார்டு கேமா, பழையதே போதுமா: அளந்து பார்க்கும் முறை

புதிதாக ஒரு கார்டு கேம் இறங்கினால் முதல் வாரம் எல்லாருக்கும் பிடிக்கத்தான் செய்யும். பிடிக்க வைப்பதற்கென்றே அமைத்த வாரம் அது. தொட்டதற்கெல்லாம் இலவச பேக் (சில கார்டுகள் அடங்கிய பொட்டலம்) கிடைக்கும், எதிரே உட்காருவது பல நேரம் ஆளில்லாமல் நிரலே ஆடும் பாட் (bot) ஆக இருக்கும், தோற்பது அபூர்வம். அதே ஆள் பத்து வருடமாக ஓடுகிற கேமுக்குள் நுழைந்தால் சீக்கிரமே அடி வாங்குவார். இந்த இரண்டு அனுபவங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் புதியதுதான் ஜெயிக்கும். அந்த முடிவை நம்பிப் பைசா போட வேண்டாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. தொடக்கப் பரிசுகள் நின்ற பிறகு, கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போடாமல், நீங்கள் விரும்பும் ஒரு முழு டெக்கை (ஆட எடுத்துப் போகும் கார்டுக் கட்டை) கட்ட எத்தனை நாள் ஆகும்? படம், அனிமேஷன், இசை எல்லாம் இதற்கு அடுத்துதான்.

இங்கே பழையதற்கு ஹார்த்ஸ்டோனையும் (2014 மார்ச்), புதியதற்குப் போகிமான் டிசிஜி பாக்கெட்டையும் (2024 அக்டோபர்) எடுத்துக்கொள்வோம். நடுநடுவே மார்வல் ஸ்னாப்பும் (2022 அக்டோபர்) வரும். நீங்கள் பார்க்கும் கேம் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

இரண்டு கேமிலும் ஒரே நாளில் புதுக் கணக்குத் தொடங்குங்கள். பழைய கேமில் ஏற்கெனவே கணக்கு இருந்தாலும் இதற்கென்று ஒன்று புதிதாக வேண்டும். மூன்று வருடச் சேமிப்பு இருக்கும் கணக்கை வைத்து அளந்தால் எதுவும் விளங்காது. முதல் 7 நாள் சும்மா ஆடுங்கள். 8ஆம் நாள் காலை தங்கம் (கேமுக்குள் பேக் வாங்கும் காசு), டஸ்ட் (கார்டு செய்யும் பொடி), பேக் எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். 21ஆம் நாள் இரவு மறுபடி எழுதுங்கள். இடையில் செலவழித்ததையும் கூட்டிக்கொண்டால், வித்தியாசம்தான் அந்த கேம் உங்களுக்குத் தரும் உண்மையான வரும்படி. இரண்டிலும் தினம் ஒரே அளவு நேரம் ஆடியிருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு சாயும்.

ஒரு டெக் என்ன விலை

ஹார்த்ஸ்டோனில் டெக்குக்கு 30 கார்டு. ஒரே கார்டு இரண்டு வைக்கலாம், லெஜெண்டரி (மிக அரிய தரம்) மட்டும் ஒன்று. வேண்டாத கார்டை உடைத்தால் டஸ்ட் கிடைக்கும், அந்த டஸ்ட்டால் வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். செய்ய ஆகும் செலவு, கார்டு அரிதாகும் வரிசையில்: காமன் 40, ரேர் 100, எபிக் 400, லெஜெண்டரி 1600. உடைத்தால் திரும்புவது 5, 20, 100, 400. அதாவது காமனில் எட்டில் ஒரு பங்கு, லெஜெண்டரியில் கால் பங்கு. கண்டபடி உடைத்துவிட்டுப் பிறகு வருந்துவது இந்த இடைவெளியால்தான்.

இதை வைத்து இரண்டு டெக்குக்கு விலை போடலாம். லெஜெண்டரியே இல்லாத மலிவு டெக்: 2 எபிக், 10 ரேர், 18 காமன். 800 + 1000 + 720, மொத்தம் 2520 டஸ்ட். கொஞ்சம் ஆடம்பரமான டெக்: 4 லெஜெண்டரி, 4 எபிக், 10 ரேர், 12 காமன். 6400 + 1600 + 1000 + 480, மொத்தம் 9480. ஏறத்தாழ நான்கு மடங்கு. கூடுதல் செலவு முழுவதும் ஆறே கார்டுகளில் (4 லெஜெண்டரி, கூடுதலான 2 எபிக்) இருக்கிறது. ஆகவே டெக் பட்டியலைப் பார்க்கும்போது, அந்த ஆறும் இல்லாமல் டெக் ஓடுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பல டெக்குகள் ஓடும்.

வரும்படிப் பக்கம் வருவோம். ஒரு பேக் 100 தங்கம், அதில் 5 கார்டு, குறைந்தது ஒன்று ரேர். மிக மோசமான பேக்கில் 4 காமன், 1 ரேர். உடைத்தால் 40 டஸ்ட். இது அடிமட்டக் கணக்கு, இதற்குக் கீழே போகாது. ஒவ்வொரு புது செட்டிலும் (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுப்பு) முதல் 10 பேக்குக்குள் ஒரு லெஜெண்டரி உறுதி, அதன்பின் 40 பேக்குக்குள் ஒன்று. எனவே புதிதாக வருபவர் 30 பேக்கையும் ஒரே செட்டில் கொட்டுவதைவிட மூன்று செட்டில் பத்துப் பத்தாக உடைப்பது லாபம். ஒரு செட்டில் ஒரு தரத்தின் கார்டு எல்லாம் கைக்கு வரும்வரை டெக்கில் வைக்கக்கூடிய அளவுக்கு மேல் அதே கார்டு வராது என்பதும் 2020 முதல் இருக்கிறது. அடிப்படைத் தொகுப்பான கோர் செட் 2021 முதல் இலவசம், அதிலுள்ள கார்டுகளை விலையில் சேர்க்க வேண்டாம்.

பழைய கேமில் பலரும் கால் இடறும் இடம் சுழற்சி. புதிய செட்டுகள் மட்டும் செல்லும் ஸ்டாண்டர்ட் முறையில் வருடத்துக்கு ஒருமுறை பழைய செட்டுகள் வெளியேறும், அதற்குப்பின் அவை எல்லா செட்டும் செல்லும் வைல்டு முறையில் மட்டும். ஜனவரி, பிப்ரவரியில் சேருகிறவர் அடுத்த சுழற்சியில் எந்த செட் போகும் என்று பார்க்காமல் பேக் உடைத்தால், இரண்டு மாதத்தில் கையிலிருப்பதில் பாதிக்கு வேலை இருக்காது.

பாக்கெட்டில் கணக்கு வேறு மாதிரி. இங்கே உடைத்துச் செய்யும் டஸ்ட் வழி கிடையாது. 12 மணி நேரத்துக்கு ஒரு இலவச பேக், ஆக நாளைக்கு 2. ஒவ்வொரு பேக்குக்கும் 5 பேக் பாயிண்ட். அந்தப் பாயிண்ட்டால் கார்டை நேரடியாக வாங்கலாம் (டைமண்ட் கூடினால் கார்டு அரிது): ஒரு டைமண்ட் கார்டு 35, இரண்டு டைமண்ட் 70, மூன்று டைமண்ட் 150, நான்கு டைமண்ட் உள்ள இஎக்ஸ் கார்டு 500. ஒரு இஎக்ஸுக்கு 100 பேக், அதாவது 50 நாள். டெக்குக்கு அதே கார்டு இரண்டு தேவைப்பட்டால் மிக மோசமான நிலையில் 100 நாள். ஒரு செட்டில் சேர்த்த பாயிண்ட் இன்னொரு செட்டில் செல்லாது. புது செட் வந்ததும் அங்கே ஓடிவிட்டால் இங்கே சேர்த்த 300 பாயிண்ட் அப்படியே கிடக்கும். கேம் நிறுவனம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பாயிண்ட் இல்லாமல் அதிர்ஷ்டத்தில் விழுமா? விகிதங்கள் கேமுக்குள்ளேயே இருக்கின்றன. பேக் திரையில் தேடினால் கிடைக்கும், படிக்காமல் விடாதீர்கள். முதல் செட்டான ஜெனடிக் ஏபெக்ஸில் சாதாரண பேக்கின் நான்காவது கார்டு நான்கு டைமண்டாக வர 1.666%, ஐந்தாவது 6.664%. கூட்டினால் சுமார் 8.3%, பன்னிரண்டு பேக்குக்கு ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பேக் வகையிலும் ஐந்து இஎக்ஸ் உண்டு. உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்று. அப்போது அறுபது பேக்குக்கு ஒன்று. ‘அறுபதில் ஒன்று’ என்றால் அறுபது உடைத்தால் கிடைத்துவிடும் என்று பொருளில்லை. அறுபது பேக் உடைத்த நூறு பேரில் சுமார் 36 பேர் கையில் அது இன்னும் வந்திருக்காது. நூறு பேக் உடைத்த பிறகும் 18, 19 பேர் வெறுங்கையோடு இருப்பார்கள். பாயிண்ட் அவர்களுக்குத்தான்.

பாக்கெட் பக்கம் நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு: டெக் 20 கார்டு மட்டும், தாக்கும் சக்தி தரும் எனர்ஜியை டெக்கில் சேர்க்க வேண்டாம், இஎக்ஸைத் தவிர மற்றதெல்லாம் சீக்கிரம் சேரும். இஎக்ஸ் இல்லாத டெக்கோடு ஆட மனமிருந்தால் அது ஹார்த்ஸ்டோனைவிட மலிவு. ஒரு குறிப்பிட்ட இஎக்ஸ் மேல் ஆசைப்பட்டால் நிலைமை தலைகீழ். ‘எந்த கேம் மலிவு’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது என்பது இதனால்தான். டெக்கின் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்க வேண்டும்.

கை விழும் கணக்கு

சிறிய டெக்கில் அதிர்ஷ்டம் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. 20 கார்டு டெக்கில் இரண்டு வைத்த ஒரு கார்டு, முதல் 5 கார்டில் வர ஏறத்தாழ 45% வாய்ப்பு. ஹார்த்ஸ்டோனில் முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு. மூன்றையும் மாற்றினாலும் இரண்டு வைத்த ஒரு கார்டு கிடைக்க சுமார் 37%தான். ஸ்னாப்பில் டெக் 12 கார்டு, எல்லாம் ஒற்றை. தொடக்கத்தில் 3, ஆறு சுற்றில் 6, ஆக 12இல் 9ஐப் பார்த்துவிடுவீர்கள். எந்தக் கார்டும் முடிவதற்குள் வர 75%. டெக் சின்னதாக ஆக உங்கள் திட்டம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. எதிராளியின் திட்டமும் அப்படியே.

முதலில் ஆடுபவருக்கு அநியாய லாபம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹார்த்ஸ்டோனில் இரண்டாவது ஆளுக்கு ஒரு கார்டு கூடுதல், கூடவே ஒருமுறை கூடுதல் சக்தி தரும் காயின். பாக்கெட்டில் முதலில் ஆடுபவருக்கு முதல் சுற்றில் எனர்ஜி கிடையாது. ஈடு கட்டியிருப்பது போதுமா என்று அறிய, மேட்ச் முடிந்ததும் ‘முதல்/இரண்டாவது, வெற்றி/தோல்வி’ என்று நான்கு கட்டத்தில் கோடு போட்டு வாருங்கள். 30 மேட்சை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்: சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்திலேயே 30இல் 10 முதல் 20 வெற்றி வரை சாதாரணமாக வரும். நூறு மேட்சாவது வேண்டும். பாட் எதிராளியோடு ஆடியதாகத் தோன்றினால் அந்த மேட்சைத் தள்ளுங்கள். அசட்டுத்தனமான ஆட்டம், எப்போதும் ஒரே வேகம் இரண்டும் அடையாளம்.

ஸ்னாப்பில் வெற்றி விகிதத்தை எண்ணிப் பயனில்லை. அங்கே பந்தயம் கியூப், ரேங்கை ஏற்றி இறக்கும் புள்ளி. யாரும் ஸ்னாப் செய்யாவிட்டால் (பந்தயத்தை இரட்டிப்பாக்காவிட்டால்) 1இல் தொடங்கி கடைசியில் 2, இருவரும் செய்தால் 8 வரை. பத்தில் நான்கைக் கடைசிவரை ஆடி ஜெயித்து, தோற்கும்போதெல்லாம் 1 கியூபோடு விலகுபவர் மேலே ஏறுவார். ஆகவே கியூப் வரவு செலவை எழுதுங்கள்.

மழை, பஸ், சிக்னல்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது கார்டு கேம் ஆடுகிறவர்களுக்கும் விஷயம்தான். ஐப்பசி சாயங்கால இடியில் கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அந்த நொடியில் கேம் துண்டிக்கப்படும். திரும்ப உள்ளே விடுகிறதா, சுற்று போய்விடுகிறதா, மேட்சே போய்விடுகிறதா என்பதை ரேங்க் இல்லாத மேட்சில் சோதியுங்கள்: நடுவில் ஏர்பிளேன் மோடை 20 நொடி போட்டு எடுங்கள். பிறகு வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாற்றுங்கள். இரண்டும் தனித்தனிச் சோதனை. முதலாவதைத் தாங்கும் கேம் இரண்டாவதில் விழலாம், ஏனென்றால் ஐபி முகவரி மாறுகிறது.

ஹார்த்ஸ்டோனில் ஒரு சுற்றுக்கு 75 நொடி, அதற்குள் திரும்பினால் தப்பலாம். ஆனால் மேட்ச் நீண்டால் கால் மணி நேரம் தாண்டும். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் தாராளமாக ஆடலாம். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் போகிறவர் தொடங்காமல் இருப்பது நல்லது. ஸ்னாப்பில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தினமும் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே முடிவு சொல்லிவிடும்.

டேட்டா செலவுக்கு: போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் டேட்டா அளவைப் பார்த்துவிட்டு, 5 மேட்ச் ஆடி, மறுபடி பாருங்கள். மேட்ச் தின்பது சொற்பம்தான், கனமாக விழுவது புது செட் வரும் நாளின் அப்டேட். அதை வீட்டு வைஃபையில் முடித்துக்கொண்டு வெளியே கிளம்புங்கள்.

பைசா போடுவதாக இருந்தால்

21 நாள் கணக்கு முடியும் முன் வேண்டாம். போடும்போதும் யுபிஐ ஆட்டோபேயைத் தவிர்த்து, ஒரு தொகைக்குக் கூகுள் பிளே கோடு வாங்கி ஏற்றுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பாக்கெட்டின் பிரீமியம் பாஸ் போன்றவை முதலில் இலவசமாகத் தொடங்கிப் பிறகு மாதாமாதம் பிடிக்கும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும்.

வீட்டில் ‘சீட்டாட்டமா?’ என்று கேட்பார்கள். இவற்றில் பந்தயப் பணமும் கிடையாது, ஜெயித்துப் பணமாக எடுப்பதும் கிடையாது. புதிதாக வந்த கேம் ரொக்கப் பரிசு காட்டிக் கட்டணம் கேட்டால், அது இந்த ஒப்பீட்டுக்குள் வராது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது அந்த வகையைத்தான். அழித்துவிடுங்கள்.

நின்று ஓடுமா

பெரிய பெயர் இருந்தால் நிலைக்கும் என்று நம்ப வேண்டாம். வால்வ் நிறுவனத்தின் ஆர்ட்டிஃபாக்ட் 2018 நவம்பரில் 20 டாலர் விலையோடு வந்தது. 2021 மார்ச்சில் அதன் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். மார்வல் ஸ்னாப் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சில நாள் அடங்கிக் கிடந்தது. கேமில் குறை ஒன்றுமில்லை. வெளியீட்டாளர் டிக்டாக்கின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருந்ததுதான் காரணம். ஆகவே யார் உருவாக்குகிறார்கள் என்பதோடு யார் வெளியிடுகிறார்கள் என்றும் பாருங்கள். கடைசி மூன்று பேட்ச் (அப்டேட்) குறிப்புகளின் தேதியைப் பாருங்கள். இடைவெளி நீண்டுகொண்டே போனால் பேக் வாங்குவதை நிறுத்திவிட்டு இலவசமாக மட்டும் ஆடலாம்.

புதியதற்கு மாறினாலும் பழைய கேமின் கார்டுகளை மொத்தமாக உடைக்காதீர்கள். ஹார்த்ஸ்டோனில் ஒரு கார்டின் பலத்தைக் குறைத்தால், சில நாளுக்கு அதை உடைத்தாலே முழு விலையும் டஸ்ட்டாகத் திரும்பக் கிடைக்கும். முன்பே உடைத்தவருக்கு அது இல்லை. புது கேமில் முதல் நாளே கணக்கைக் கூகுள் கணக்கோடோ, அந்த நிறுவனத்தின் கணக்கோடோ இணைத்துவிடுங்கள். விருந்தினராக ஆடும் கணக்கு போனில்தான் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தால் கார்டும் போச்சு.