பைதானில் அறிவியல் டெஸ்க்டாப் செயலி: முதல் விண்டோ திறக்கும் வரை

அளவீட்டுத் தரவைப் படித்து, கணக்கிட்டு, வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றை எழுத நினைக்கிறீர்கள். கணக்குக்கு நம்பை, வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப், விண்டோவுக்கும் பொத்தான்களுக்கும் கியூட்டி. இந்த மூன்றும் சண்டையில்லாமல் ஒன்றாக ஓடும் இடத்தை முதலில் அமைத்துவிடுவோம்.

முதல் படி, பைதான். நேற்று வெளியான பதிப்பு வேண்டாம், அதற்கு முந்தையதை எடுங்கள். புதிய பதிப்புக்கு எல்லா நூலகங்களும் தயார்நிலைப் பொதிகளை உடனே வெளியிடுவதில்லை. பொதி கிடைக்காவிட்டால், பைதான் நூலகங்களை நிறுவும் கருவியான பிப் மூலக்கோடிலிருந்தே கட்டப் பார்க்கும். அறிவியல் கணக்கு நூலகமான சைபை போன்றவற்றை அப்படிக் கட்ட சி கம்பைலரோடு ஃபோர்ட்ரான் கம்பைலரும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தப் பாடு தேவையே இல்லை.

அடுத்து, மெய்நிகர் சூழல், அதாவது இந்தப் புராஜெக்டின் நூலகங்களை மட்டும் தனியாக வைக்கும் ஒரு கோப்புறை. லினக்ஸில் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே பைதானை நம்பி ஓடுகின்றன, அதனால் அந்தப் பைதானில் நேரடியாக எதையும் நிறுவாதீர்கள். டெபியன் 12 முதல் பிப்பே இதைத் தடுத்துவிடுகிறது. தடையை மீற ஒரு வழி உண்டு, ஆனால் அது வேண்டாம். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் புராஜெக்ட் கோப்புறையைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைதான்: கிரியேட் என்விரான்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் பைதானோடு வரும் மெய்நிகர் சூழலான வென்வ் வகையைச் சொடுக்குங்கள். அப்புறம் புதிய டெர்மினல் திறந்தால் வரியின் தொடக்கத்தில் சூழலின் பெயர் தெரிய வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல், சூழலை இயக்கும் ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்தால், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று சொல்லும் எக்ஸிக்யூஷன் பாலிசியை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் 'ரிமோட் சைன்டு' என மாற்றுங்கள்.

சரி, இப்போது பிப் வழியாக நம்பை, சைபை, மேட்பிளாட்லிப், பைசைடு6 நான்கையும் நிறுவுங்கள். இங்கேதான் மிகவும் கவனம் தேவை. கியூட்டியைப் பைதானோடு இணைக்க பைசைடு6, பைக்யூட்டி6 என இரண்டு வழிகள் உண்டு. ஒரு சூழலில் ஒன்று மட்டுமே இருக்கட்டும். இரண்டும் ஒரே நிரலுக்குள் ஏறினால் விண்டோ திறக்காமலே செயலி விழுந்துவிடலாம், பிழைச்செய்தியும் காரணத்தை நேராகச் சொல்லாது. என் தேர்வு பைசைடு6. அது எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்திலும் கிடைக்கிறது, அதில் உங்கள் செயலியின் மூலக்கோடை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை. பைக்யூட்டி6க்கோ, செயலியைப் பிறருக்குக் கொடுத்தால் மூலக்கோடையும் தரச் சொல்லும் ஜிபிஎல் அல்லது வணிக உரிமம்தான்.

பெரிய கோடு எழுதும் முன் சோதித்துவிடுங்கள். பைசைடு6ஐ முதலில் இறக்குமதி செய்து, பிறகு மேட்பிளாட்லிப்பை அழைத்து, வரைபடத்தை விண்டோவில் காட்டும் அதன் பேக்எண்டை 'க்யூட்டி ஆக்' என வைத்து, ஒரு சைன் அலையை வரையுங்கள். ஏற்கெனவே உள்ளே வந்த இணைப்பையே மேட்பிளாட்லிப் எடுத்துக்கொள்ளும். விண்டோ திறந்து, சுட்டியால் பெரிதாக்க முடிந்தால் எல்லாம் சரி. உபுண்டுவில், விண்டோவைத் திரையில் காட்ட கியூட்டிக்கு உதவும் எக்ஸ்சிபி பிளக்இன் ஏறவில்லை என்று வந்தால் பைதானில் தேடிப் பயனில்லை. கியூட்டி 6.5 முதல் தேவைப்படும் எக்ஸ்சிபி கர்சர் நூலகத்தை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நிறுவுங்கள்.

கடைசியாக, நிறுவிய நூலகங்களையும் பதிப்புகளையும் காட்டும் பிப் ஃப்ரீஸ் கட்டளை தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றுங்கள். ஆனால் சூழல் கோப்புறையை ஏற்ற வேண்டாம். அதற்குள் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் பதிந்திருக்கும், இடம் மாற்றினால் ஓடாது. குழப்பம் வந்தால் அந்தக் கோப்புறையைத் தயங்காமல் அழித்துவிட்டு, பட்டியலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளுங்கள்.